அணில் இன்று விளையாட வரவில்லை

தனியாக இருக்கும் பாத்திரத்தை வைத்து வரும் படப் புத்தகங்களை வீட்டில் நிறைய வாசித்துக் காட்டியிருக்கிறேன், பெரும்பாலும் எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். முதல் பக்கத்தில் ஒரு கரடியோ முயலோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நடுவில் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். கடைசிப் பக்கத்தில் காடே கூடி பலூன் கட்டி ஆட்டம் போடும். அந்தக் கடைசிப் பக்கம் வந்ததும் என் மகள் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "இவங்க எல்லாம் எப்பம்மா வீட்டுக்குப் போவாங்க?"

நியாயமான கேள்வி. கரடிக்குத் துணை கிடைத்தது சரி, ஆனால் கரடி முதல் பக்கத்தில் செய்துகொண்டிருந்த வேலை என்ன ஆயிற்று என்று அந்தப் புத்தகங்கள் எதுவும் சொல்வதில்லை. நூலகத்தில் தேடினால் இதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த இன்னொரு வகையும் கிடைக்கிறது. அதில் தனியாக இருக்கும் குழந்தைதான் ஆழமானது, கற்பனை உள்ளது. மற்றவர்கள் எல்லாம் கூச்சல் போடும் கும்பல். பள்ளியில் யாரும் சேர்த்துக்கொள்ளாத கோபத்தைப் பெரியவர்கள் இத்தனை வருடம் கழித்துத் தீர்த்துக்கொள்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். குழந்தைக்கு அதில் என்ன இருக்கிறது? என் மகளுக்குத் தோழிகள் உண்டு. அவர்கள் வந்தால் வாசலுக்கு ஓடுவாள், குதித்து ஆடுவாள், அவர்கள் போனதும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள், இரண்டும் அவளுக்கு வேண்டும். ஒன்று நோய், மற்றொன்று மருந்து என்று பிரிக்காத ஒரு புத்தகம்தான் எனக்குத் தேவைப்பட்டது. அதை நானே செய்து பார்த்தேன். ஓவியம் முறையாகக் கற்றவள் இல்லை, அணில் வரைந்தால் அணில் என்று தெரியும், அவ்வளவுதான். வீட்டுக் குழந்தைகளுக்காக இப்படி ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்கும், செய்யாவிட்டாலும் இந்த மாதிரிப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து வாசித்துக் காட்டுபவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் மகளின் பள்ளியில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கதையின் போக்கை அது கொஞ்சம் தீர்மானித்தது. "மற்ற குழந்தைகளோடு சேர மாட்டேங்கிறா, கொஞ்சம் கவனிங்க" என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் எதைக் கவனிப்பது என்று சொல்லவில்லை. தேடிப் படித்தபோது மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் பெயர் எங்கே திரும்பினாலும் வந்தது. 1932-ல் வெளியான ஆய்வில் அவர் சிறு குழந்தைகள் சேர்ந்து இருக்கும் விதத்தை ஆறாகப் பிரித்தார்: எதிலும் ஈடுபடாமல் இருப்பது, தனியாக விளையாடுவது, மற்றவர்கள் விளையாடுவதை நின்று பார்ப்பது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவது, கலந்து பழகி விளையாடுவது, ஒரு திட்டத்தோடு கூடி விளையாடுவது. வயது ஏற ஏறக் குழந்தைகள் இந்த வரிசையில் பின்னால் உள்ளவற்றுக்கு அதிகம் போகிறார்கள் என்று அவர் பார்த்தார். அதைப் பலரும், தனியாக விளையாடினால் வளர்ச்சி குறைவு என்று படித்துக்கொண்டுவிட்டார்கள். பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் அதை மறுத்து, வளர்ந்த குழந்தைகளும் தனியாக விளையாடுகிறார்கள், கட்டுவது, வரைவது, அடுக்குவது என்று நோக்கத்தோடு செய்கிற தனி விளையாட்டு முதிர்ச்சியின்மை ஆகாது என்று காட்டினார்கள்.

எனக்கு அதில் கிடைத்த உருப்படியான விஷயம், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம். தனியாக விளையாடும் குழந்தை வேறு, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் குழந்தை வேறு. முதல் குழந்தையின் கண் கையில் இருக்கும் பொருளில் இருக்கும். இரண்டாவது குழந்தையின் கண் கூட்டத்தின் மேல் இருக்கும், காலை ஓர் அடி முன்னே வைக்கும், பின்னே எடுக்கும். அதற்குச் சேர ஆசை, பயமும் இருக்கிறது, அதற்குத் தேவை பக்கத்தில் ஒரு துணை, முதல் வார்த்தை பேசிக்கொடுக்க ஓர் ஆள். "தனியா இருக்கிறதும் நல்லதுதான்" என்ற புத்தகத்தை அந்தக் குழந்தைக்கு வாசித்துக் காட்டினால், நீ அங்கேயே நில் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் யாருக்கு இந்தப் புத்தகம் என்று முடிவு செய்ய வேண்டும். என் மகளின் கண் எங்கே இருக்கிறது என்று கொஞ்ச காலம் பார்த்தேன். பெரும்பாலும் கையில்தான் இருந்தது.

அப்புறம் பாத்திரம். ஆமை, நத்தை இரண்டையும் முதலிலேயே தள்ளிவைத்தேன். ஓட்டுக்குள் போவது என்றால் குழந்தைகளுக்குப் பயம் என்றுதான் அர்த்தம், படத்தைப் பார்த்ததுமே "எதுக்குப் பயப்படுது?" என்று கேட்பார்கள். ஆந்தை வேண்டாம், அது அறிவாளி வேடத்திலேயே வந்து வந்து தேய்ந்துவிட்டது. பூனை தனியாக இருப்பது யாருக்கும் செய்தியே இல்லை. சுறுசுறுப்பான, எல்லோருக்கும் வேண்டிய ஒரு பிராணி ஒருநாள் தனியாக இருக்க விரும்பினால்தான் கதை. அப்படி வந்ததுதான் அணில். துணைக்கு ஒரு மைனா, நிறுத்தாமல் பேசுவது, நல்லது. மைனாவை நல்லதாக வைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். நண்பன் தொல்லை பிடித்தவனாக இருந்தால் அவனிடமிருந்து ஒதுங்குவது சாதாரண விவேகம், தனியாக இருக்கும் ஆசை அங்கே வருவதே இல்லை. நன்றாகப் பழகும், பிடித்த நண்பனிடம் "இன்று வரவில்லை" என்று சொல்வதில்தான் சிக்கல்.

எழுத உட்கார்ந்தால் அடுத்த பிரச்சினை. சந்தோஷமாகத் தனியாக இருப்பதில் கதையே கிடையாது. யாரும் தொலையவில்லை, யாரும் அழவில்லை, பக்கத்தை எதற்குத் திருப்ப வேண்டும்? அணில் மரப்பொந்தில் உட்கார்ந்து அமைதியை ரசித்தது என்று எழுதினால் அது பெரியவர்கள் நாட்குறிப்பு. குழந்தைகள் அமைதியை ரசிப்பதில்லை, எதையாவது செய்கிறார்கள். என்ன செய்கிறார்கள் என்று தெரிய மகளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மேசைக்கடியில் அவளுக்கு ஒரு டப்பா பட்டன் உண்டு. நான் வண்ணம் வண்ணமாகப் பிரிக்கிறாள் என்று நினைத்திருந்தேன், பக்கத்தில் படுத்துக் கவனித்தால் விவகாரம் வேறு. நான்கு துளை உள்ளவற்றுக்கு உள்ளே அனுமதி. இரண்டு துளை உள்ளவை வெளியே வரிசையில் நிற்க வேண்டும், அவற்றுக்குப் பெயர் கேட்டு, ஏன் வந்தீர்கள் என்று விசாரித்து, "சரி, உட்காருங்க" என்று ஒவ்வொன்றாக நகர்த்தினாள். துளையே இல்லாத, பின்னால் வளையம் வைத்த ஒரு பட்டன் வந்ததும் எல்லாம் நின்றது. அதை எங்கே சேர்ப்பது? வெகு நேரம் யோசித்தாள். அந்த இடைவெளியில்தான், மேசை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடுப்படிப் பக்கம் போயிருந்த என் காலைப் பார்த்தாள். கால் இருந்தது. விரிப்பை விட்டுவிட்டு, வளையப் பட்டனைக் காவல்காரராக நியமித்தாள். என்னைக் கூப்பிடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இருக்கிறேனா என்பது மட்டும் தெரிந்தால் போதுமாக இருந்தது.

இதையே டொனால்ட் வின்னிகாட் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர். தனியாக இருக்கும் திறன் பற்றி 1958-ல் வெளியான கட்டுரையில் அவர் சொல்வது கேட்க முரண் போலத்தான் இருக்கும்: அந்தத் திறன் குழந்தைக்கு வருவது, நம்பிக்கையான ஒருவர் அருகில் இருக்கும்போது தனியாக இருந்து பழகுவதால். அம்மாவோ வேறு யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள், எதையும் கேட்கவில்லை, எதையும் எதிர்பார்க்கவில்லை, அந்தப் பாதுகாப்பில் குழந்தை தன் பாட்டுக்கு இருக்கிறது. பிற்பாடு ஆள் நிஜமாகவே இல்லாதபோதும் அந்த இருப்பு மனதுக்குள் இருந்து துணை செய்கிறது. அப்படிப் பார்த்தால் தனியாக இருப்பதும் நட்பும் எதிரெதிர் அணி இல்லை. நன்றாக ஒட்டியிருக்கத் தெரிந்த குழந்தைதான் நன்றாகத் தனியாகவும் இருக்கிறது.

புத்தகத்தின் வடிவமே இதிலிருந்து வந்தது. அணில் தனியாக இருக்கும் ஒவ்வொரு இரட்டைப் பக்கத்திலும் மைனாவை எங்கேயாவது வைத்தேன், மிகச் சின்னதாக. தூரத்து மரத்தில் ஒரு மஞ்சள் அலகு, ஒரு பக்கத்தில் வால் மட்டும், ஒன்றில் தண்ணீரில் விழுந்த நிழல். அந்தப் பக்கங்களின் எழுத்தில் மைனாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. படப் புத்தகத்துக்கு மட்டுமே உள்ள வசதி இது, எழுத்து ஒன்றைச் சொல்ல, படம் வேறொன்றைக் காட்டலாம். எழுத்தை வாசிப்பவர் பெரியவர், அவர் கண் வரியில் இருக்கும். குழந்தையின் கண் படத்தில் இருக்கிறது. அதனால் மைனாவை எப்போதும் குழந்தைதான் முதலில் கண்டுபிடிக்கும், "அது எங்கேயும் போகல!" என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கும். கடைசி வரை கண்டுபிடிக்காத பெரியவர்கள் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

அணில் என்ன செய்கிறது என்பதற்கும் பட்டன்தான் வழி காட்டியது. பொந்தில் கிடக்கும் கொட்டைத் தோல்களை எடுத்து ஒன்றுக்குள் ஒன்று பொருத்திப் பார்க்கிறது. ஒன்று மட்டும் எதிலும் பொருந்தவில்லை. அதைத் தொப்பியாகப் போடுகிறது, படகாக விடுகிறது, காதில் வைத்துக் கேட்கிறது. அவ்வளவுதான் கதை. பக்கத்தைத் திருப்ப வைப்பது அடுத்து அது என்னவாகும் என்கிற கேள்வி. வீட்டில் எழுதிப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான், அமைதி, நிம்மதி, இன்பம் என்ற சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு, கையில் ஒரு பொருளைக் கொடுங்கள்.

அதிகம் அடித்துத் திருத்தியது ஒரே ஒரு பக்கத்தைத்தான். மைனா வந்து "வா, போகலாம்" என்கிறது. அணில் என்ன பதில் சொல்ல வேண்டும்? "உடம்பு சரியில்லை" என்றால் பொய். "வேலை இருக்கிறது" என்பது பெரியவர்கள் சொல்வது, அதைக் குழந்தைகள் ஏற்கெனவே நம்மிடம் போதுமான அளவு கேட்டிருக்கிறார்கள். "என்னைத் தனியாக விடு" என்பதில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கிறது. கடைசியில் மூன்று சின்ன வாக்கியங்கள் நின்றன: "இன்று வரவில்லை. இங்கே இருக்கப்போகிறேன். நாளைக் காலையில் வா." முதலாவது மறுப்பு. இரண்டாவது என்ன செய்யப்போகிறேன் என்பது. மூன்றாவது எப்போது என்பது. மூன்றாவது இல்லாவிட்டால் கேட்கிற குழந்தைக்கு நட்பே முடிந்துவிட்ட மாதிரி இருக்கிறது, அதை நான் வாசித்துக் காட்டிய எல்லாக் குழந்தைகளின் முகத்திலும் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கும் வரியை வேண்டுமென்றே வைக்கவில்லை. தனியாக இருக்க விரும்புவதற்கு மன்னிப்பு எதற்கு?

என் அண்ணன் மகன் இந்த விஷயத்தில் நேர் எதிர். ஆள் இல்லாமல் அவனால் பல் கூடத் தேய்க்க முடியாது, யாராவது வாசலில் நின்று பேச வேண்டும். அவனுக்கு வாசித்தபோது அந்தப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டான். "அத்தை, மைனா பாவம். அது என்ன தப்பு பண்ணுச்சு?" எல்லாக் குழந்தைகளும் அணிலாக மாட்டார்கள், பாதிப் பேர் மைனாவாகத்தான் கேட்கிறார்கள் என்பது அவனால் தெரிந்தது. மறுக்கப்பட்ட நண்பனை அந்தப் பக்கத்தோடு கைவிட்டால் அவர்களுக்குப் புத்தகம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதனால் மைனாவுக்கு இரண்டு இரட்டைப் பக்கங்கள் ஒதுக்கினேன். முதலாவதில் கிளையில் உட்கார்ந்திருக்கிறது, இறகெல்லாம் உப்பிக்கொண்டு, வருத்தம்தான், மறைக்கவில்லை. இரண்டாவதில் தவளைகள் பாடும் இடத்துக்குப் போய் அவற்றுக்குத் தாளம் சொல்லிக்கொடுக்கிறது, தவளைகள் கேட்பதாக இல்லை. அணில் வேண்டாம் என்று சொன்னதால் மைனாவின் நாள் வீணாகவில்லை.

அவனுக்கு அதுவும் போதவில்லை. மறுநாள் அணில் வரும்போது மைனா "நான் இப்ப வரமாட்டேன்" என்று சொல்ல வேண்டும் என்றான். பழிக்குப் பழி மாதிரி இருக்கிறதே என்று தயங்கினேன், பிறகு யோசித்தால் பையன் சொல்வதில் பெரிய நியாயம் இருந்தது. மறுப்பது அமைதியானவர்களுக்கு மட்டும் உள்ள சலுகையாக இருக்கக் கூடாது. இப்போது புத்தகத்தில், மறுநாள் அணில் ஓடி வரும்போது மைனா குட்டையில் குளித்துக்கொண்டிருக்கிறது. "குளிக்கிறேன். முடிந்ததும் வருகிறேன்." அணில் கரையில் உட்கார்ந்து காத்திருக்கிறது. எந்தக் குழந்தைக்கு வாசித்தாலும் அந்தப் பக்கத்தில் சிரிக்கிறார்கள், ஏன் என்று எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

செய்முறைக்கு வருகிறேன், நடைமுறைக் கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருப்பதற்கு அச்சகம்தான் காரணம், பெரிய தாளை இரு புறமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம் வரும், அப்படி இரண்டு சேர்ந்தால் 32. வீட்டில் செய்ய 8 ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் அதே 32 பக்கம் கிடைக்கும். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் அட்டை, இடையில் 15 இரட்டைப் பக்கங்கள். தலைப்புக்கு ஒன்று போனால் கதைக்கு 14. வரையத் தொடங்குவதற்கு முன் ஒரு வெற்றுத் தாளில் 15 சின்னக் கட்டம் போட்டு எதில் என்ன வரும் என்று குச்சிப் படமாகக் கிறுக்கிப் பாருங்கள், இதைத் தவிர்த்தால் கதை 9-வது கட்டத்தில் முடிந்துபோய் மிச்சப் பக்கங்கள் உங்களைப் பார்த்து முழிக்கும்.

ஒரு சூட்சுமம் உண்டு. இப்படி மடித்த புத்தகத்தில் இடப் பக்கமும் வலப் பக்கமும் ஒரே தாளில் சேர்ந்து வருவது நட்டநடுவில் மட்டும்தான், 16-17 பக்கங்களில். மற்ற இடங்களில் இரண்டும் வெவ்வேறு தாள், படம் மடிப்பைத் தாண்டினால் கோடு கொஞ்சம் விலகித்தான் சேரும். அதனால் இரண்டு பக்கத்தையும் நிறைக்கும் பெரிய படத்தை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை எங்கேயும் மடிப்பின் மேல் வரையாதீர்கள், மூக்கு உள்ளே போய்விடும். தைப்பதற்கு மடிப்பில் மூன்று ஓட்டை. உள்பக்கமிருந்து நடு ஓட்டை வழியாக ஊசியை வெளியே விட்டு, மேல் ஓட்டையில் உள்ளே நுழைத்து, உள்ளே நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டையில் வெளியே எடுத்து, திரும்ப நடு ஓட்டையில் உள்ளே கொண்டுவந்து, நூலின் இரு முனைகளையும் முடிச்சுப் போட வேண்டும். தைத்த பிறகு நடுத் தாள்கள் ஓரத்தில் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும், இரும்பு ஸ்கேல் வைத்துக் கட்டரால் ஒரே இழுப்பாகச் சீவிவிடுங்கள். ஓரத்தில் எதையும் வரையாமல் விட்டிருந்தால் நஷ்டம் இல்லை.

எழுத்து மொத்தம் 200 சொற்களுக்குள் வைத்துக்கொண்டேன். சத்தமாக வாசிக்கும்போது மூச்சு முட்டும் வாக்கியம் எதுவோ அதை வெட்ட வேண்டும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

நடுவிலுள்ள 16-17-ஐ எழுத்தே இல்லாமல் விட்டேன். அணில் கிளையில் மல்லாந்து படுத்திருக்கிறது, கொட்டைத் தோல் வயிற்றின் மேல், சுற்றிலும் இலைகள். அது எதையும் செய்யாத ஒரே இடம். அங்கேதான் பெரியவர்களின் உண்மை நிறம் தெரிகிறது. வாசிக்க வரி இல்லை என்றதும் அண்ணிக்குக் கை ஓடவில்லை. "இலை என்ன கலர்? இங்க எத்தனை எறும்பு இருக்கு? எண்ணு பார்க்கலாம்." பையனும் கடமைக்கு எண்ணினான். வாசிப்பின் நடுவே கேள்வி கேட்பது நல்ல பழக்கம்தான், குழந்தையைப் பேச வைக்கும், சொற்கள் பெருகும், அதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஆனால் எல்லாப் பக்கத்திலும் வேண்டாம். தனியாக இருப்பதைப் பற்றிய புத்தகத்தை வாசித்துக்கொண்டே குழந்தையை ஒரு நிமிடம் தன் பாட்டுக்கு விடவில்லை என்றால் புத்தகம் சொல்வதை நம் வாய் மறுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திருப்பியதும் நான் வாயைத் திறப்பதில்லை, குழந்தை பேசும் வரைக்கும், அல்லது அதுவே பக்கத்தைத் திருப்பும் வரைக்கும். சில குழந்தைகள் உடனே திருப்பிவிடுவார்கள், அது அவர்கள் இஷ்டம். என் மகள் அந்தப் பக்கத்தில் நெடுநேரம் இருப்பாள். என் தோளில் சாய்ந்துகொண்டு, என்னைக் கவனிக்காமல். வின்னிகாட் சொன்னது மடியிலேயே நடக்கிறது, வேறு பயிற்சி எதுவும் தேவையில்லை.

முடிவுதான் எல்லோரும் சண்டை போட்ட இடம். விருந்து, கூட்டம் கிடையாது என்பது முதலிலேயே முடிவு. அதே சமயம் அணிலைப் பொந்திலேயே விட்டுவிட்டால் தனியாக இருப்பதே சிறந்தது என்று ஆகும். எனக்கு ஒரு பழைய பாட்டு வழி காட்டியது. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும், இனிது எது என்ற கேள்விக்கான பாட்டு. அது ஏகாந்தம் இனிது என்றுதான் தொடங்குகிறது, அதைவிட இனிது, அதைவிட இனிது என்று ஏறிப்போய் அறிவுள்ளவர்களைச் சேர்வதிலும் காண்பதிலும் முடிகிறது. பலர் முதல் வரியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். தனியாக இருந்ததில் ஏதோ கிடைக்கிறது, அதை எடுத்துக்கொண்டு ஒருவரிடம் போகத் தோன்றுகிறது, அதுதான் இயல்பான வரிசை என்று எனக்குப் பட்டது. அதனால் மறுநாள் அணில் மைனாவிடம் ஓடுவது தனிமை சலித்துப்போய் அல்ல, கொட்டைத் தோல் என்னவெல்லாம் ஆகிறது என்று காட்டுவதற்காக. மைனா அதைக் காதில் வைத்துக் கேட்கிறது, பிறகு இரண்டும் ஒரே கிளையில், ஒன்று தோலைச் சுரண்டிக்கொண்டு, மற்றொன்று தவளைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. பார்ட்டன் பட்டியலில் நான்காவது வகை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டு. குறளில் நட்பு அதிகாரத்திலேயே, கூடியிருப்பதும் பழகுவதும் கூட வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சி இருந்தால் நட்புக்கு அது போதும் என்று இருக்கிறது. அதை முடிவில் ஒரு வரியாக எழுதலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். எழுதவில்லை. படத்தில் இருப்பதை வரியில் திரும்பச் சொன்னால் குழந்தைகளுக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சம் இருக்காது.

இந்தப் புத்தகம் எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று வரை எல்லோரோடும் ஆடிய குழந்தை திடீரென்று ஒதுங்குகிறது, சாப்பாடு தூக்கம் மாறுகிறது, பள்ளிக்குப் போக அழுகிறது என்றால் கதை வாசிப்பதை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும், ஆசிரியரிடம் பேச வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவரிடமும். தனியாக விடப்பட்ட குழந்தைக்கும் தனியாக இருக்க விரும்பும் குழந்தைக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுக்க முடியாது. இன்னொன்று, கையில் திரையோடு ஓரமாக உட்கார்ந்திருப்பதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே பேச்சு, பாட்டு, அடுத்தது என்ன என்று எல்லாவற்றையும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள், வளையப் பட்டனை வைத்துக்கொண்டு யோசிக்கும் அந்த இடைவெளி வருவதில்லை. இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வர வேண்டாம்.

வீட்டில் மாறியது என்றால், அந்த மூன்று வாக்கியங்கள் பேச்சில் வந்துவிட்டன. மகள் வாசலில் நிற்கும் தோழியிடம் "இன்னைக்கு வரல, நாளைக்கு வா" என்கிறாள், முன்பெல்லாம் என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டு என்னைச் சொல்ல வைப்பாள். அதைப் பார்த்து நானும் அவளிடம் "வேலை இருக்கு" என்பதை விட்டுவிட்டு, "இப்ப கொஞ்ச நேரம் சும்மா இருக்கப்போறேன், ஆறு மணிக்கு வா" என்று சொல்லிப் பார்த்தேன். ஆறு மணிக்குச் சரியாக வந்து நின்றாள். சொன்ன நேரத்துக்கு நாம் எழுந்துகொள்ள வேண்டும், அது இந்த ஏற்பாட்டில் உள்ள பெரிய தொந்தரவு.

பிரதி எடுக்க நினைப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மூலத்தில் மைனாவை வெளிர் பென்சிலால் வரைந்திருந்தேன், ஜெராக்ஸ் எடுத்ததில் பாதிப் பக்கங்களில் மைனா காணாமல் போய்விட்டது. ஒளிந்திருக்கும் படங்களுக்கு மெல்லிய கறுப்பு மைக் கோடு கொடுத்துவிட்டு, மறைப்பதற்குச் சின்ன அளவை மட்டுமே நம்புங்கள். அண்ணன் மகனிடம் இருப்பது அந்த மைனா இல்லாத பிரதி. அவன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து, எல்லாப் பக்கத்திலும் பேனாவால் மைனா வரைந்து வைத்திருக்கிறான், எதுவும் சின்னதாக இல்லை, 16-17-ல் மட்டும் ஐந்து மைனா.